இடுப்பில் இரண்டு கைகள்

பனித்தளத்தில் எம்பிச் சுழலும்போதெல்லாம் நித்திலாவின் இடுப்பை இரண்டு குளிர்ந்த கைகள் தாங்கிக்கொள்ளும். இதே தளத்தில் விழுந்து செத்துப்போன சுகிர்தா அக்காவின் கைகள். அந்த ஆவிக்கு இவள்மேல் கொள்ளைப் பிரியம். ஆனாலும் போட்டியன்று நித்திலாவை ஒரு கேள்வி அரித்தது. ஜெயித்தால் அது யாருடைய ஜெயம்? ஸ்கேட்டிங் ஷூவின் லேஸை மூன்றாம் தடவையாக அவிழ்த்துக் கட்டியபடி கெஞ்சினாள்.

“அக்கா, இன்னிக்கு மட்டும் என்னைத் தாங்காதீங்க.”

தடுப்புச் சுவரில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்த சுகிர்தா சிரித்தாள். “அடி அசடு, நான் கைய விட்டு ஒரு மாசமாச்சு. நீயாத்தான் சுத்துறே.”

நேற்றுகூட கைகள் இருந்தனவே என்று கேட்பதற்குள் பெயரை அறிவித்துவிட்டார்கள். நித்திலா வழுக்கிச் சென்று எம்பினாள். முதல் சுற்றில், தூரத்தில் சுகிர்தா இரண்டு கைகளையும் தட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. இடுப்பில் அந்தக் கைகள் வழக்கத்தைவிட இறுகின.