பூச்சி அடையும் செடி

தன் செடி நர்சரியில் அவள் விளக்கேற்றி முடித்த நேரத்தில்தான் அந்தக் கார் வந்து நின்றது.

இறங்கிய பெண்ணுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். களை வரக் கூடாது.

புது வீடு. வீட்டைச் சுற்றி நாலு சென்ட் வெறும் மண். ஒரு மழைக்கே கோரையும் பார்த்தீனியமும் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டனவாம். பிடுங்க ஆளில்லை. பிடுங்கினாலும் பத்தாம் நாள் மறுபடி வந்து நிற்கின்றனவாம்.

"நட்டுட்டு மறந்துடணும் அக்கா. அப்படி ஒண்ணு குடுங்க."

நட்டுவிட்டு மறக்க நினைப்பவர்களை அவளுக்குப் பிடிக்காது. ஆனால் நர்சரிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அவர்கள்தான்.

கொரியன் புல்லைக் காட்டினாள். மாதாமாதம் வெட்ட வேண்டும் என்றதும் அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கினாள். பத்து மணிப் பூவைக் காட்டினாள். இடுக்கில் களை வரும் என்று அவளே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்தப் பெண் தானாகவே வெடேலியாவிடம் போய் நின்றாள்.

மஞ்சள் பூ. தடித்த இலை. கணுவுக்குக் கணு வேர் விட்டு, சொன்ன பேச்சுக் கேட்காமல் ஓடும். மண் தெரியாமல் மூடிவிடும். அதற்கடியில் வெயில் இறங்காது. களை முளைக்காது.

காரின் பின்சீட்டில் ஒரு குழந்தை இருந்தது. கண்ணாடியில் உள்ளங்கையை அப்பிக்கொண்டு, இரண்டு பல்லைக் காட்டி அவளைப் பார்த்துச் சிரித்தது.

"பாப்பா நடக்குதுங்களா?"

"இல்லக்கா. இப்பதான் தவழ ஆரம்பிச்சிருக்கா."

"அப்ப இது வேண்டாங்க அம்மிணி. பூச்சி அடையும்."

சொல்லிவிட்டாள். அவளைப் பொறுத்தவரை முழுதாகவே சொல்லிவிட்டாள்.

விளக்கு வைத்த பிறகு அதன் பெயரை யார் சொல்வார்கள்? சொன்னால் கூப்பிட்டதாகிவிடும். காலில்லாதது. சட்டையை உரித்துப் போட்டுவிட்டுப் போவது. அந்திக்கு மேல் அது வெறும் பூச்சிதான். நானும் இங்கே பெயரை எழுதவில்லை. நீங்கள் இதை எந்த வேளையில் படிக்கிறீர்களோ.

அந்தப் பெண் சென்னையில் ஏழாவது மாடியில் வளர்ந்தவள்.

"பூச்சிக்குத்தான் மருந்து இருக்கே அக்கா. வேப்பெண்ணெய் அடிச்சுக்கறேன்."

அவள் அந்தப் பூச்சி இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சாமி படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நாளைக்குப் பகலில் போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

அறுபது பைகளை டிக்கியில் அடுக்கினார்கள்.

மறுநாள் பகல் வந்தது. போனும் கையில்தான் இருந்தது. வாங்கிக்கொண்டு போனவளை எதற்கு வலியப் போய்ப் பயமுறுத்துவது என்று தோன்றியது. அதற்கடுத்த நாள் வேறு வேலை.

பிறகு அந்தப் பெண்ணே படங்கள் அனுப்பத் தொடங்கினாள். முதலில் திட்டுத் திட்டாகப் பச்சை. அப்புறம் மண்ணே தெரியவில்லை. கடைசிப் படத்தில் பச்சைக்கு நடுவே உட்கார்ந்து குழந்தை பூவைப் பிய்த்துக்கொண்டிருந்தது. தலையும் தோளும்தான் வெளியே தெரிந்தன.

அவள் அதைத் தன் நர்சரி ஸ்டேட்டஸில் வைத்தாள். நாலு பேர் விசாரித்தார்கள். வெட்கக்கேடு, அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

தன் வீட்டு வாசலில் அவள் அந்தச் செடியை வைத்ததே இல்லை.

மூன்று மாதம் கழித்து அதே கார் வந்தது. பகல் பதினொன்றரை மணி.

"களைன்னு ஒண்ணு இல்லக்கா! எதிர் வீட்லயும் கேக்கறாங்க. முப்பது பை குடுங்க."

அவள் பைகளை எடுத்து வெளியே வைக்க ஆரம்பித்தாள். அந்தப் பெண் பேசிக்கொண்டே கூட வந்தாள்.

"முன்னெல்லாம் தவளை கத்திக் கத்தி உயிரை வாங்கும். இப்ப ஒரு தவளைகூட இல்ல."

அவள் கை நின்றது. தவளைகள் எங்கே போயிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"நீங்க சொன்னீங்களே, பூச்சி, அது மட்டும்தான் கொஞ்சம் இருக்கு போல. காலைல பாப்பா அதுல விளையாடிட்டு இருந்தா, கால்ல எதுவோ கடிச்சிருச்சு. சின்னதா ரெண்டு புள்ளி. வீக்கம்கூட இல்ல. மஞ்சள் வெச்சுவிட்டேன். கொஞ்சம் அழுதா, அப்புறம் தூங்கிட்டா. இன்னும் எந்திரிக்கல. நல்ல தூக்கம்."

கையிலிருந்த பை விழுந்து மண் சிதறியது. அவள் காருக்கு ஓடினாள்.

உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை பெல்ட்டுக்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கன்னத்தைத் தட்டினாள். மறுபடி தட்டினாள்.

இமைகள் பாதி திறந்தன. அதற்கு மேல் திறக்கவில்லை.

"காரை எடுங்க அம்மிணி. ஆஸ்பத்திரிக்குப் போலாம். நானும் வாரேன்."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பூச்சி கடிச்சதுக்கா அக்கா?"

அவள் பின்சீட்டில் ஏறிக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள். வெளியே நல்ல வெயில்.

அந்தப் பெயரைச் சொன்னாள்.