பத்து நாள் அம்மை

"வேணாம் சார். இந்தப் பொண்ணு அதுக்கெல்லாம் தோதுப்படாது" என்றாள் ஹெட் நர்ஸ் தாயாரம்மாள்.

ரமா கையில் சர்டிபிகேட் ஃபைலோடு டாக்டரின் மேஜை முன் நின்றிருந்தாள்.

அதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எழும்பூரில் நர்சுகளுக்குப் பச்சைக்குழந்தை பராமரிப்பில் பத்து நாள் பயிற்சி. ஃபீஸை யார் கட்டுவது என்று நாலு மாதமாகக் கையை விரித்துக்கொண்டிருந்த டாக்டர் கஸ்தூரிரங்கன், என்ன தோன்றியதோ, அன்று ஆஸ்பத்திரியே கட்டும் என்று சொல்லிவிட்டார். மூன்று வருஷம் வேறெங்கும் வேலைக்குப் போவதில்லை என்று பாண்டு எழுதித் தர வேண்டும். அதுவரை ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் அவரிடம் இருக்கும். அவ்வளவுதான்.

மேஜை இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்து பீரோவைக்கூடத் திறந்துவிட்டார். மேல்தட்டிலிருந்து சரிந்து விழப்போன பழுப்புக் கவர் ஒன்றை உள்ளே தள்ளிவிட்டு, ரமாவின் ஃபைலுக்காகக் கை நீட்டினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் தாயாரம்மாள் உள்ளே வந்தாள்.

"ஏன், நல்லாத்தானே வேலை செய்யறா?" என்றார் டாக்டர்.

"இன்னா நல்லா? ஒரு ஊசி போட மூணு வாட்டி குத்துறா. கத்துக்கினு வந்த அடுத்த மாசமே சவுதிக்குப் பறந்துடுவா. உங்க துட்டுதான் போவும்."

டாக்டர் பீரோவைச் சாத்தினார். தாயாரம்மாள் சொல்லிவிட்டால் அந்த ஆஸ்பத்திரியில் அப்பீல் கிடையாது.

ரமா வார்டுக்குத் திரும்பினாள். அழுகைகூட வரவில்லை, அலுப்பாக இருந்தது. போன மாதம் பூக்கடை மாரியின் மனைவிக்குப் பிறந்த குழந்தை அழவேயில்லை. டாக்டர் வெளியூர். தாயாரம்மாளுக்கு அன்று லீவு. என்ன செய்வதென்று தெரியாமல் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள் ரமாதான். டாக்சி பிடித்து எழும்பூருக்கு அனுப்பினார்கள். பல்லாவரம் தாண்டும்வரைகூடக் குழந்தை தாங்கவில்லை. அந்தக் கனம் இன்னும் அவள் உள்ளங்கையை விட்டு இறங்கவில்லை. இந்தப் பொம்பளைக்கு அதெல்லாம் எங்கே புரியப் போகிறது? தனக்கு மேலே ஒருத்தி படித்துவிடக் கூடாது. அவ்வளவு வயிற்றெரிச்சல்.

மறுநாள் தாயாரம்மாள் வரவில்லை. அதற்கடுத்த நாள் மத்தியானம் ட்யூட்டி முடிந்ததும் ரமா நேராக அவளிடம் போய், மடித்த காகிதத்தை நீட்டினாள்.

"ராஜினாமா. டாக்டர்கிட்ட நீங்களே கொடுத்துடுங்க. சந்தோஷமா இருங்க."

தாயாரம்மாள் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டு, கைப்பையிலிருந்து வேறொரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள்.

ரசீது. எழும்பூர் பயிற்சிக்கு ஃபீஸ் கட்டிய ரசீது. ரமாவின் பெயரில்.

"இன்னா முழிக்கிற? நேத்து போய்க் கட்டினு வந்தேன். திங்கக்கெழம ஆரம்பம்."

ரமா ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "டாக்டர்... லீவு தர மாட்டாரே அக்கா."

"அம்மை போட்டுக்கோ."

"என்னது?"

"அம்மை போட்டிருக்குன்னு சொல்லி அனுப்பு. பத்து நாளைக்கு ஆஸ்பத்திரிப் பக்கமே வராதேன்னு அவரே சொல்லுவாரு. வாசல்ல ரெண்டு கொத்து வேப்பிலையச் சொருவி வெச்சிட்டு ரயிலேறு. உன் ட்யூட்டியையும் சேத்து நான் பாத்துக்கறேன்."

பெஞ்சில் உட்கார்ந்து, வீங்கிய கணுக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். ரமா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவரே கட்டறேன்னாரே. அதை ஏன் அக்கா தடுத்தீங்க?"

தாயாரம்மாள் டாக்டர் ரூம் பக்கம் தலையைக் காட்டினாள்.

"பீரோ மேல்தட்டுல ஒரு பழுப்புக் கவர் கீதே, பாத்தியா?"

"விழப் பாத்துதே... அதுவா?"

"அதுல கீறது என் சர்டிபிகேட்டு. எழுபத்தி நாலுல ஆஸ்பத்திரி செலவுல மூணு மாசம் படிச்சேன். எனக்கும் மூணு வருச பாண்டுதான். முடிஞ்சதும் போய்க் கேட்டேன். பீரோ சாவி எங்கியோ தொலஞ்சிபோச்சும்மா, தேடறேன்னாரு."

முழங்காலில் கையை ஊன்றி எழுந்தாள்.

"இன்னும் தேடிக்கினுதான் கீறாரு."