பட்டையில் ஒரு காலி இடம்

சிறப்புப் பள்ளியின் ஆலோசனை அறையில் மின்விசிறி கடகடக்கிறது. ஜன்னல் வெயில் மேசையில் பாதி வரை வந்து நிற்கிறது. பேச்சு வராத சிறுமி தன் பட அட்டைப் பட்டையை மடியில் வைத்திருக்கிறாள். சொல்ல வேண்டியதை அவள் பிய்த்து நீட்டுவதற்காக, தண்ணீர், சாப்பாடு, கழிப்பறை என்று படங்கள் வெல்க்ரோ ஒட்டுத்துணியில் ஒட்டியிருக்கின்றன. ஓர் இடம் மட்டும் காலி. அந்தச் சொரசொரப்பையே அவள் விரல் விடாமல் சுரண்டுகிறது. அவளுடைய மறு கையின் மணிக்கட்டில், அவளே கடித்த பல்தடத்துக்குக் கீழே, அம்மாவின் பிடி. "பிடிக்கலைன்னா உடனே கடிச்சுக்குவா, மேடம். கொஞ்ச நாளா இப்படித்தான்." ஆலோசகர் காலி இடத்தைத் தொடுகிறார். "இங்க இருந்த 'வேண்டாம்' அட்டை எங்கே?" அம்மா தலைகுனிகிறாள். "நான்தான் எடுத்து வெச்சுட்டேன். எதுக்கெடுத்தாலும் அதையே நீட்டுனா. குளிக்கக் கூப்பிட்டா வேண்டாம், தலை வாரப் போனா வேண்டாம். நானும் மனுஷிதானே?" ஆலோசகர் இழுப்பறையைத் திறந்து, சிவப்புப் பெருக்கல் குறி போட்ட அட்டை ஒன்றை எடுத்து அங்கே ஒட்டுகிறார். அவர் கை விலகுவதற்குள் சர்ரென்று பிய்க்கும் சத்தம். சிறுமி அட்டையை அம்மாவின் மடியில் வைத்து அழுத்துகிறாள். "எதுடி வேண்டாம்? இப்போ நான் உன்னை ஒண்ணுமே பண்ணலையே!" அம்மாவின் குரல் உடைகிறது. ஆலோசகர் பார்க்கும் இடத்தை அம்மாவும் பார்க்கிறாள். அவளுடைய கை மகளின் மணிக்கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்திருக்கிறது.