ராசாத்தி வைத்த மருந்து

வைத்தியர் வீட்டுப் பெஞ்சில் ராசாத்திக்கு இடம் விட்டு, மாயவன் ஓரமாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தப் பக்கம் பூமாலை மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு, நடுவிலிருந்த காலி இடத்தை முறைத்துக்கொண்டிருந்தாள்.

முறைக்காமல் என்ன செய்வாள் பாவம்! அவள் மாயவனின் இரண்டாம் தாரம். மூத்தவள் ராசாத்தி மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. மாயவனுக்கு மட்டும் அவள் இன்னும் போகவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எதிரே இருந்தாள். பாயை விரித்தால் பாதியில் அவள் இருந்தாள்.

இனிக் கல்யாணமே வேண்டாம் என்றுதான் அவனும் இருந்தான். எதிர்வீட்டுப் பூமாலை மனசு கேட்காமல் தினம் ஒரு கிண்ணம் குழம்பு கொண்டுவந்து வைத்தாள். மாதம் ஒன்று போனதும் அவனே போய்ப் பெண் கேட்டான். ஆண்பிள்ளை எத்தனை நாள்தான் தனியாகப் பொங்கித் தின்பான் என்று செந்துறையில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கட்டிக்கொண்ட மூன்றாம் மாதமே பூமாலை கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாள். "அவ உங்களுக்கு மருந்து வச்சிருக்கா. அதான் செத்தும் விட மாட்டேங்கறா."

ஊரும் ஆமாம் போட்டது. புருஷனை மயக்கச் சோற்றில் கலந்து கொடுக்கிற இடுமருந்து குடலில் ஒட்டிக்கொண்டால், கொடுத்தவள் நினைப்பு லேசில் விடாதாம். அந்த மருந்தை ஊதி எடுக்கிறவனிடம் இரண்டு தடவை போயும் பலனில்லை. அரியலூரில் அழகேசன் என்கிற இயற்கை வைத்தியர் தண்ணீர் ஏற்றிக் குடலையே கழுவி விடுகிறார் என்று கேள்விப்பட்டதும், பூமாலை பஸ் ஏறிப்போய் நாள் குறித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

முதலில் மூன்று நாள் பத்தியம். இளநீர், மோர், பப்பாளிப்பழம், அவ்வளவுதான். சுண்ணாம்புக்கல் குவாரியில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவனுக்கு அது எந்த மூலைக்கு? மூன்றாம் நாள் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தபோது, ராசாத்திதான் நெற்றியில் கை வைத்தாள். நாளைக்கு இந்தக் கையும் போய்விடுமே என்று மாயவன் அழுதான். பசியில் அழுகிறான் என்று நினைத்துப் பூமாலை இன்னொரு இளநீரைச் சீவினாள்.

"மாயவன்! உள்ள வாங்க" என்று அழகேசன் கூப்பிட்டார். நாக்கை நீட்டச் சொன்னார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "மருந்தாவது மண்ணாவது! நல்ல மலச்சிக்கல். கழுவி விட்டா எல்லாம் சரியாப் போயிடும்."

"உள்ள ஒட்டிக்கிட்டிருக்கறது அத்தனையும் வந்துருமுங்களா?" என்றாள் பூமாலை.

"ஒண்ணு விடாம வந்துரும்மா."

"பழசு மட்டும் வந்தாப் போதும் சார்."

"கொடலுக்கு என்னம்மா பழசும் புதுசும்?" என்று அவர் சிரித்தார். பூமாலைக்குச் சிரிப்பு வரவில்லை. காணாத வைத்தியம், புருஷன் வயிறு. பயம் இருக்காதா பின்னே?

சுவரில் ஆணியடித்து ஒரு எனாமல் குவளையைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதன் அடியிலிருந்து சிவப்பு ரப்பர் குழாய் இறங்கியது. மாயவன் இடப்பக்கமாக ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுத்தான். வெதுவெதுப்பான தண்ணீர் ஏற ஏற, அடிவயிறு கல்லு மாதிரி இறுகியது.

"அடக்குங்க. இன்னும் கொஞ்சம் அடக்குங்க" என்றார் அழகேசன்.

மாயவன் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினான். அவளைப் போகவிடக் கூடாது என்றுதான் அடக்கினான். "போயிடாத புள்ள" என்று வாய்க்குள்ளேயே கெஞ்சினான். ஆனால் வயிறு யார் பேச்சைக் கேட்கிறது? கொல்லையிலிருந்த கக்கூசுக்கு ஓடினான். நாலு தடவை ஓடினான்.

எல்லாம் முடிந்து கயிற்றுக் கட்டிலில் படுத்தபோது கைகால் வெடவெடத்தது. அழகேசன் உப்பும் வெல்லமும் போட்ட எலுமிச்சைத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, போர்த்திவிட்டுப் போனார். வயிறு காலி. உடம்பில் கனமே இல்லை. மாயவன் கண்ணைத் திறக்கப் பயந்துகொண்டு வெகுநேரம் அப்படியே கிடந்தான்.

கடைசியில் திறந்தான். ராசாத்தி கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

எப்போதும் போலத்தான் உட்கார்ந்திருந்தாள். மாயவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவள் எதையும் கலந்து கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் இந்நேரம் போயிருப்பாளே! அவளைப்போய் ஊரே சேர்ந்து என்னவெல்லாம் பேசிவிட்டது.

பூமாலை நொய்க்கஞ்சியோடு வந்தாள். "இப்ப எப்படிங்க இருக்கு? அவ போயிட்டாளா?"

மாயவன் அவள் முகத்தையே பார்த்தான். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்த யாரோ ஒருத்தியைப் பார்ப்பது போலிருந்தது.

"பூமாலை, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காத. நான் எதுக்கு உன்னக் கட்டுனேன்?"

அவன் கோபத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க?"

"எவ்வளவு யோசிச்சாலும் வெளங்கல. நீ செந்துறை பஸ்ஸப் புடிச்சு உங்கம்மா வூட்டுக்குப் போயிடு. நான் திருமழபாடி போறேன். ஆத்துல அவளக் கரைச்ச எடத்துல கொஞ்ச நாளு இருக்கணும்."

பூமாலை கஞ்சியைத் தரையில் வைத்துவிட்டு, குழாயைக் கழுவிக்கொண்டிருந்த அழகேசனிடம் ஓடினாள். அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ சார், நான் வச்ச மருந்துல்ல வெளிய வந்துருச்சு!"