பேய்க்கு எத்தனை மார்க்?

பேய்த் தொடரின் முதல் எபிசோடு ஆரம்பித்ததிலிருந்து மனைவி வாயை மூடவில்லை. அந்தத் தொடரின் ஒலிப்பதிவாளரான கணவன், பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவன் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"தூங்கி எழுந்தவளுக்கு இவ்வளவு லிப்ஸ்டிக்கா? பத்துக்கு ரெண்டு மார்க். கதவு இப்படிக் கிறீச்சிடுதே, எண்ணெய் விட ஆளில்லையா?"

"அந்தச் சத்தம் நான் போட்டது."

"அதான் சகிக்கலை!"

அப்போது திரையில், மாடி இருட்டிலிருந்து பேய் சிரித்தது. அவள் தலையணையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"அம்மாடியோ! இதுக்குப் பத்துக்குப் பத்து. யாருங்க அந்தப் பொம்பளை? அவ புருஷன் எப்படித்தான் குடும்பம் நடத்தறானோ, பாவம்!"

"நல்லாத்தான் நடத்தறான்."

"உங்களுக்குத் தெரிஞ்சவளா?"

"ஏழு பேரைச் சிரிக்க வெச்சுப் பார்த்தோம். டைரக்டருக்கு ஒண்ணும் பிடிக்கலை. கடைசியில என்கிட்ட இருந்த ஒரு பதிவைப் போட்டேன். மனுஷன் துள்ளிக் குதிச்சுட்டார்."

"என்ன பதிவு?"

"போன மாசம் புது மைக்கை வீட்டுல சோதிச்சப்போ, நாற்காலி உடைஞ்சு நான் விழுந்தேனே... மைக் ஓடிட்டுத்தான் இருந்தது."

அவள் முறைத்தாள். திரையில் பெயர்கள் ஓடின. 'பேயின் சிரிப்பு: ஒலிப்பதிவாளரின் மனைவி.'

முறைப்பு எவ்வளவு நேரம் தாங்கும்? அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுக்காரர் கத்தினார்: "சார், சீரியல்தான் முடிஞ்சிடுச்சே! டிவியை அணைங்க, குழந்தை பயப்படுது!"