குட்டை வண்டி

புது வண்டி வாசலில் வந்து நின்றதும் கலியபெருமாளின் கண் நேராகப் பின்பக்கம்தான் போனது. உடைக்க எடுத்த தேங்காயை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"என்னாடா இது?"

தம்பி தேவா இறங்கி வந்து சாவியை நீட்டினான்.

"லாங் பாடி எடுத்துக்கிட்டு வாடான்னு அனுப்புனா, பாதி வண்டிய ஓட்டிக்கிட்டு வந்து நிக்கிற?"

அண்ணன் தம்பி இரண்டு பேரும் மாதக்கணக்கில் பேசி முடிவு செய்த விஷயம் அது. சுனாமித் தண்ணீர் புகுந்து பாழான உப்புப் பாத்திகளை ஒரு வருஷம் பாடுபட்டுத் திரும்பக் கட்டியிருந்தார்கள். இந்த வருஷம்தான் உப்பு ஒழுங்காக விளைந்தது. இனி வாடகை லாரிக்காரனிடம் கெஞ்சிக்கொண்டு நிற்க வேண்டாம், சொந்தமாக ஒரு பிக்கப் எடுத்துவிடலாம் என்று தீர்மானித்தார்கள்.

ஒரே வண்டி இரண்டு அளவில் வந்தது. பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டி ஒன்பதடி இருந்தால் லாங் பாடி. ஏழடி இருந்தால் ஷார்ட் பாடி. நீளமானதை எடுத்தால் மூட்டை மொத்தமும் ஒரே நடையில் திண்டிவனம் போய்விடும். குட்டையானது என்றால் மிச்ச மூட்டைக்கு இன்னொரு நடை, இன்னொரு தடவை டீசல். எது லாபம் என்று பச்சைக் குழந்தைகூடச் சொல்லும். தேவாவும் தலையாட்டிவிட்டுத்தான் மரக்காணத்தில் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போனான்.

"ஏன் மாத்துன?"

"இதுதான்ணா நமக்கு சரிப்படும்."

"நமக்கா, உனக்கா? ஷோரூம்காரன் எவ்வளவு குடுத்தான்?"

தேவாவின் முகம் சுண்டிப்போனது. அவன் பேசாமல் நிற்க நிற்கக் கலியபெருமாளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. குற்றமுள்ளவன்தானே வாய் மூடி நிற்பான்?

வண்டி பார்க்க வந்த தெரு ஜனம் சுற்றி நின்றது. அவர்களுக்கு முன்னாலேயே, சொல்லக் கூடாததை எல்லாம் சொல்லிவிட்டார். அப்பன் செத்த நாளிலிருந்து தன் வயிற்றைக் கட்டி அவனை வளர்த்த கதையைச் சொன்னார். கூடப்பிறந்தவனே குழி பறிக்கிறான் என்றார். நாளைக்கே கயிறு போட்டு அளந்து பாத்திகளைப் பிரித்துக்கொள்ளலாம் என்று முடித்தார்.

தேவா சாவியை வண்டி மேலேயே வைத்துவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தான்.

அடுப்படியிலிருந்து வந்த சின்னப்பாப்பா கையைப் புடவையில் துடைத்தபடி புருஷன் கலியபெருமாளிடம் மெதுவாகச் சொன்னாள். "வந்தது வந்திடுச்சி. இந்த வண்டியே இருக்கட்டுங்களே."

"உனக்கு என்னா தெரியும்? உள்ள போ."

அவள் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையிலேயே கலியபெருமாள் அந்த வண்டியை எடுத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் புறப்பட்டார். எதிரே வந்த ஒவ்வொரு நீள வண்டியும் தன்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவது போலிருந்தது. காலாப்பட்டு தாண்டுவதற்குள், ஷோரூமில் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் வரிசையாகச் சேர்த்து வைத்துக்கொண்டார்.

அங்கே முன்மேஜையில் பிரியதர்ஷினி என்ற பெண் இருந்தாள். சாவியை அவள் முன்னால் ஓங்கிப் போட்டார். விவரம் தெரியாத பையனைப் பிடித்து, விற்காத சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கத்தினார். உடனே லாங் பாடியாக மாற்றித் தரவேண்டும், இல்லாவிட்டால் வாசலிலேயே உட்காருவேன் என்றார்.

அவள் தண்ணீர் கொடுத்தாள். அவர் தொடவில்லை. அவள் ஃபைலை எடுத்துப் பிரித்து அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"பாருங்க சார், மொதல்ல லாங் பாடின்னுதான் எழுதியிருக்கோம். கையெழுத்து போடற நேரத்துல உங்க தம்பிதான் அடிச்சு மாத்தச் சொன்னாரு. நான் எவ்வளவோ சொன்னேன். எங்களுக்கும் லாங் பாடி வித்தாதான் லாபம்."

கலியபெருமாளின் குரல் கொஞ்சம் இறங்கியது. "அப்புறம் எதுக்கு மாத்துனான்?"

"லாங் பாடி உங்க உப்பளத்து வரப்புல திரும்பாதாம். ரோட்டோட நின்னுடுமாம். இதுன்னா பாத்தி ஓரம் வரைக்கும் போயிடும்னாரு."

"ரோட்டுல நின்னா என்னாம்மா? இத்தினி வருசமா லாரியும் அங்கதான் நிக்குது. பொம்பளைங்க கூடையில தூக்கியாந்து கொட்டப் போறாங்க. இதெல்லாம் ஒரு காரணமா?"

பிரியதர்ஷினி ஃபைலை மூடி வைத்தாள்.

"அந்தப் பொம்பளைங்கள்ல அவரோட அண்ணியும் ஒருத்தராமே சார். கழுத்து எலும்பு தேஞ்சு போச்சு, இனிமே ஒரு கூடைகூடத் தலையில ஏத்தக் கூடாதுன்னு டாக்டர் எழுதின சீட்டை வச்சிருந்தாரு. கையெழுத்து போடாம அதையே பார்த்துக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு."

கலியபெருமாள் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆனாலும் கோபம் விட்டபாடில்லை. இப்போது அது வேறு பக்கம் திரும்பியது.

"கட்டுன புருசன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். எங்கிட்ட சொல்லாம, முன்னபின்ன தெரியாத உங்ககிட்ட வந்து சொல்லுவானா?"

"நானும் அதைத்தான் சார் கேட்டேன். 'அண்ணி மூணு தடவ சொல்லிட்டாங்க, அண்ணன் காதுலதான் விழல'ன்னாரு."