ஒற்றைச் செருப்பு

சாக்கடையிலிருந்து எஸ்தர் மீட்டு வந்த நாய் பூசணி, வாசலில் யார் செருப்பைக் கழற்றினாலும் ஒன்றைக் கவ்விக்கொண்டு போய் அதன்மேல் படுத்துக்கொள்ளும். அதை வெளியேற்ற வாடகை வீட்டின் சொந்தக்காரர் கொடுத்த கெடு இன்றோடு முடிகிறது. வளர்க்கலாமென்று பார்க்க வந்தவர்கள் எல்லாம் செருப்பைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கடைசியாக வந்தவர், மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கும் தங்கப்பழம்.

“திருடன் வந்தா குரைக்குமா, தாயி?”

“பொய் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. வாலத்தான் ஆட்டும். ஆனா வந்த ஆள லேசுல போக விடாது.”

தங்கப்பழம் பூசணியையே பார்த்துக்கொண்டிருந்தார். “எங்க வீட்டுக்கு வாரவன் எவனும் காப்பி ஆறுற வரைக்குங்கூட இருக்க மாட்டேங்கான்” என்றார்.

பிறகு மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். மற்றதைக் கவ்விக்கொண்டு பின்னாலேயே போனது பூசணி.